இரண்டு கறவைக்கு நடுவே

மியோ நகரில் தார்ன் ஆற்றைத் தாண்டித் தெற்கே போகும் சாலை மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கடைசி வளைவோடு ஏற்றம் முடிந்துவிடும். மறுபக்கம் இறக்கம் வரும் என்று எதிர்பார்ப்போம், வராது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிறிய புல்வெளி, புல்லுக்கு மேலே தலைநீட்டும் சுண்ணாம்புக் கற்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜூனிபர் புதர்கள். இதுதான் லார்ஸாக். தென் பிரான்சின் அவேரோன் மாவட்டத்தில் தொடங்கி, ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். பாரிஸிலிருந்து கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் நெடுஞ்சாலையில் இதை ஒரே மூச்சில் கடந்து மத்தியதரைக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். கார் ஜன்னல் வழியே பார்த்தால் வெறும் பொட்டல்தான்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் அந்தப் பொட்டலில் வாழும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. படிப்பு மியோவில், தங்கல் மேட்டுநிலத்தில் ஒரு செம்மறியாட்டுப் பண்ணையில். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் என் வயதுதான். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே தோழி என்றே சொல்கிறேன். லார்ஸாக்கைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவளோடு நடந்து அறிந்தது.

எங்கள் ஊர்சுற்றல் ஆடுகளின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. அந்தப் பண்ணையின் முந்நூற்றுச் சொச்சம் ஆடுகளும் லகோன் இனம். பால் முழுவதும் ரோக்ஃபோர் சீஸுக்குப் போகிறது. செப்டம்பரில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் சினையாக இருந்தன, மடி வற்றியிருந்தது. நவம்பரில் குட்டி போடத் தொடங்கும். குட்டிகள் ஏறக்குறைய ஒரு மாதம் பால் குடித்தபின் கறவை ஆரம்பம். அதற்குப் பிறகு ஜூலை வரை தினமும் காலையும் மாலையும், ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. எனவே இலையுதிர்காலத்தில் நாங்கள் இருட்டும் வரை அலைந்தோம். டிசம்பருக்குப் பிறகு ஐந்து மணிக்குள் வீடு திரும்ப முடிகிற இடங்களுக்கு மட்டுமே போனோம். வரைபடத்தை எடுத்தால் அவள் முதலில் பார்ப்பது தூரத்தை அல்ல, திரும்பும் நேரத்தை. பயணத்துக்கு இது தடை என்று முதலில் தோன்றியது. உண்மையில் அது எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை. தொலைவுக்குப் போக முடியாததால் பக்கத்தில் இருந்ததையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

தோழி முதலில் என்னை அழைத்துப்போனது லா கூவெர்த்துவாராத் என்ற கோட்டை ஊருக்கு. 12ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் வீரத்துறவிகள் அங்கே கோட்டை எழுப்பினார்கள். அவர்களுக்குப் பின் நிலத்தைப் பெற்ற ஹாஸ்பிட்டலர் வீரத்துறவிகள் 15ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் மதில்மேல் நடந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். தோழி மதிலைக் காட்டவில்லை. நேரே ஊர் வாசலுக்கு வெளியே இருந்த குளத்துக்குக் கூட்டிப்போனாள். தட்டைக் கற்கள் பாவிய, ஆழமில்லாத வட்டக் குளம். லவோஞ் என்பார்கள். ஆடுகள் சரிவில் இறங்கி நின்று நீர் குடிக்க ஏற்ற மாதிரி மெல்லச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள்.

"இங்கே மழை பெய்யாமல் இல்லை. பெய்யும் தண்ணீர் நிற்பதில்லை, அவ்வளவுதான்" என்றாள்.

சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடிப்பு. விழுந்த மழை அப்படியே உள்ளே இறங்கி, மேட்டுநிலத்தின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. நான்த் ஊருக்கு அருகே துர்ஸோன் ஊற்றை அவள் பிறகு ஒருநாள் காட்டினாள். பசும்நீலமாக, ஓசையில்லாமல் நிலத்திலிருந்து ஓர் ஆறு எழுகிறது. கீழே அவ்வளவு நீர், மேலே ஒரு சொட்டில்லை. அதனால்தான் லார்ஸாக் வீடுகளின் கூரையிலிருந்து கல் ஓடைகள் இறங்கி வீட்டோடு ஒட்டிய தொட்டிக்குள் போகின்றன. பெரிய மரங்களும் அரிது. உத்தரத்துக்கு மரம் இல்லாத ஊரில் கல்லாலேயே வளைவு எடுத்துக் கூரை தாங்கியிருக்கிறார்கள். ஒருநாள் எங்கள் பட்டியின் உள்ளே நின்று மேலே பார்க்கச் சொன்னாள். பழைய தேவாலயத்தின் உட்கூரைபோல வளைவுகள் வரிசையாகப் போயின. அதன் கீழே ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து எந்த வீட்டைக் கண்டாலும் அதன் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

லார்ஸாக் வீட்டுக் கதவுகளில் காய்ந்த ஒரு பெரிய முட்பூ அறையப்பட்டிருக்கும். கார்தபெல் என்று பெயர். தட்டு அகலம், நடுவில் பொன்னிற வட்டம், சுற்றிலும் முள் இலைகள். பறித்துக் காய்ந்த பிறகும் காற்றில் ஈரம் ஏறினால் அது சுருங்கி மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் விரியும். மேய்ப்பர்களுக்கு அதுதான் மழைக் குறி. இப்போது அந்தச் செடியைப் பறிக்கக் கூடாது. தோழியின் வீட்டுக் கதவில் இருந்தது பாட்டி காலத்துப் பூ. பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மழைச்சட்டையை எடுப்பாள்; கைப்பேசியில் வானிலை பார்த்து நான் கண்டதில்லை.

புகழ்பெற்ற மியோ பாலத்தையும் பார்த்தோம். 2004 டிசம்பரில் திறந்தது. நீளம் 2,460 மீட்டர், தூணின் உச்சி தரையிலிருந்து 343 மீட்டர். பொறியாளர் மிஷேல் விர்லோஜ்யோ, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர். அழகுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் பண்ணை தலைகீழாகிவிட்டது. இரவெல்லாம் பட்டியில் விளக்கு. குட்டிகளின் சத்தம் என் அறை வரை கேட்கும். ஜனவரியில் கறவை முழுவீச்சில் நடந்தபோது, மாலை நேரங்களில் நானும் உதவிக்குப் போக ஆரம்பித்தேன். ஆடுகள் மேடையில் வரிசையாக ஏறி, கழுத்தைக் கம்பிக்குள் நுழைத்துத் தீவனத்தில் வாய்வைக்கும். நாங்கள் கீழே பள்ளத்தில் நிற்போம். மடி நம் கண் உயரத்தில் இருக்கும். பசுவுக்கு நான்கு காம்பு, செம்மறிக்கு இரண்டுதான். தோழி ஒரு கையால் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறு கையால் கறவை இயந்திரத்தின் இரண்டு குவளைகளையும் மாட்டிவிடுவாள். சூடோ கட்டியோ இருந்தால் அந்த ஒரு தொடுதலிலேயே தெரிந்துவிடும். அந்த ஆட்டின் பாலைத் தனியே பிடித்துக்கொள்வாள். கம்பளியின் கொழுப்பு ஒட்டி ஒட்டி, அந்தக் குளிரிலும் அவள் உள்ளங்கை வெடிக்காமல் மென்மையாக இருந்தது. ஓர் ஆடு ஒரு நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தரும். ஒரு கிலோ ரோக்ஃபோருக்கு நாலரை லிட்டர் பால் வேண்டும்.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு வார்த்தை. கை வேலையில் இருக்கும்போதும், அருகருகே நடக்கும்போதும் மட்டும் பேச்சு தானாக வரும். எங்கள் நட்பு அந்தப் பள்ளத்தில்தான் உருவானது. அண்ணன் துலூஸ் நகரத்தில் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான், இனித் திரும்ப மாட்டான். அப்பாவுக்கு முதுகுவலி. பண்ணையை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் சொல்லாமல் இருப்பதே என்னைத் தூங்கவிடுவதில்லை என்றாள். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வரிசை ஆடுகள் ஏறிவந்தன, குவளைகளை மாட்டினோம்.

பிப்ரவரி விடுமுறையில் ரோக்ஃபோர் ஊருக்குப் போனோம், காலைக் கறவைக்குப் பின் கிளம்பி மாலைக்குள் திரும்பும் தூரம். கொம்பாலு மலையின் ஒரு பக்கம் பழங்காலத்தில் சரிந்து விழுந்து, பாறைகளுக்கு நடுவே குகைகளும் வெடிப்புகளும் உண்டாயின. அந்த வெடிப்புகள் வழியே குளிர்ந்த, ஈரமான காற்று ஆண்டு முழுவதும் சீராக வீசுகிறது. ஒரு வெடிப்பின் வாயில் கையை நீட்டினேன். மலை மூச்சுவிடுவது விரல்களில் தெரிந்தது. அந்தக் காற்றில்தான் சீஸுக்குள் நீலப்பூஞ்சணம் வளர்கிறது. முற்காலத்தில் ரை தானிய ரொட்டியைப் பூசணம் பிடிக்கவைத்து, அதைப் பொடித்துத் தயிர்க்கட்டியில் தூவினார்கள். இந்தக் குகைகளில் பதப்படுத்துவது இந்த ஊருக்கே உரியது என்று 1411இல் ஆறாம் சார்ல் மன்னர் உரிமை அளித்தார். 1925இல் பிரான்சில் பிறப்பிடப் பெயர் சட்டப் பாதுகாப்பை முதலில் பெற்ற சீஸும் இதுதான். பாலைக் காய்ச்சக் கூடாது, ஆடு லகோன் இனமாக இருக்க வேண்டும், செய்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள் கழித்துத்தான் விற்கலாம் என்று விதிகள் உண்டு.

மியோ கையுறைக்குப் பேர்போன ஊர் என்பதன் காரணம்கூட அங்கே விளங்கியது. தாயின் பால் சீஸுக்கு வேண்டும் என்பதால் குட்டிகளில் பெரும்பாலானவற்றைச் சிறு வயதிலேயே விற்றுவிடுகிறார்கள். அந்த மெல்லிய தோல்தான் கையுறையாகிறது. இதைத் தோழி தயங்காமல் சொன்னாள். தன் கையால் புட்டிப்பால் கொடுத்த குட்டிகளும் விற்பனை வண்டியில் ஏறியிருக்கின்றன என்றாள். மென்மையாக்கிச் சொல்லத் தெரியாத அவளுடைய இந்தக் குணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தோழியின் தாத்தாவைப் பற்றி எழுதாவிட்டால் லார்ஸாக்கைப் பற்றி எழுதியதாகாது. அவர் இந்த மண்ணில் பிறந்தவர் அல்ல. லியோன் பக்கம் நகரத்தில் வளர்ந்தவர். இருபது வயதில் ஒரு கூட்டத்துக்காக இங்கே வந்தவர், தங்கிவிட்டார்.

1971 அக்டோபரில், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே, லார்ஸாக்கில் இருந்த 3,000 ஹெக்டேர் ராணுவ முகாமை 17,000 ஹெக்டேராக விரிவாக்கப்போவதாக அறிவித்தார். உழவர்களைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், நிலம் பறிபோகவிருந்த 103 உழவர்கள் தங்கள் நிலத்தை ராணுவத்துக்கு விற்பதில்லை என்று சேர்ந்து கையெழுத்திட்டு உறுதி எடுத்தார்கள். பெரும்பாலும் தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிற, சண்டை சச்சரவு அறியாத குடியானவர்கள் அவர்கள். அந்த உறுதிமொழிக்குச் சற்று முன்பு லா கவாலெரி ஊரில் ஒரு முதியவர் பதினைந்து நாள் உண்ணாநோன்பைத் தொடங்கியிருந்தார். அவர் லான்ஸா தெல் வாஸ்தோ.

தாத்தா அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள் காந்தியின் சீடர்" என்றார். இத்தாலியில் பிறந்த லான்ஸா 1937இல் வார்தாவில் காந்தியோடு தங்கியிருந்தவர். சாந்திதாஸ் என்று அவருக்குப் பெயர் வைத்தவர் காந்தி. நாடு திரும்பி, ராட்டை நூற்று உழைத்து வாழும் ஒரு சமூகத்தை நிறுவினார். அது 1960களில் லார்ஸாக்கின் தெற்கு ஓரத்துக்கே குடிவந்தது. வன்முறையில்லாமல் எதிர்ப்பது எப்படி என்பதை அந்த உழவர்கள் அவரிடம் கற்றார்கள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த உண்ணாவிரதமும் ஒத்துழையாமையும் இந்தப் புல்வெளியில், ஆடு மேய்ப்பவர்கள் கையில் வேலை செய்திருக்கின்றன என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1972 அக்டோபரில் அவர்கள் பாரிஸுக்கு ஆடுகளைக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். 1973 ஆகஸ்டில் ரஜால் என்ற பாறைத்திடலில் நாடெங்கிலுமிருந்து பல்லாயிரம் பேர் கூடினார்கள். தாத்தா வந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான். வரியில் மூன்று சதவீதத்தை அரசுக்குக் கட்ட மறுத்தவர்கள், அந்தப் பணத்தை லார்ஸாக்குக்கு அனுப்பினார்கள். அதைக் கொண்டு லா ப்ளாக்கியேரில் அனுமதியில்லாமலே ஒரு பெரிய ஆட்டுப்பட்டி கட்டினார்கள். தாத்தா அதில் கல் சுமந்திருக்கிறார். ஒரு ஞாயிறு மதியம் எங்களை அங்கே கூட்டிப்போனார். கற்களில் பல ஊர்க்காரர்கள் செதுக்கிவிட்டுப் போன எழுத்துகள் இருக்கின்றன. ஒரு மூலைக் கல்லின்மேல் கையை வைத்து, "இதைத் தூக்கும்போது உன் பாட்டியின் பெயர்கூட எனக்குத் தெரியாது" என்று பேத்தியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். இந்தக் கதை அவளுக்குப் பழசு. எனக்காக மறுபடி கேட்டாள்.

1978இல் லார்ஸாக்கிலிருந்து பாரிஸுக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். 1981 மே மாதம் பிரான்சுவா மித்தெரான் குடியரசுத் தலைவராகத் தேர்வானார், விரிவாக்கத் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டுப் போராட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது. ராணுவம் ஏற்கெனவே வாங்கியிருந்த 6,300 ஹெக்டேர் நிலத்தை அரசு திரும்ப விற்கவில்லை. 1985இல் உழவர்களே நடத்தும் ஒரு சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. 2013இல் அந்தக் குத்தகை 2083 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நிலத்தில் உழுபவர் ஓய்வுபெறும் வரை உழலாம். விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. அவர் விலகும்போது அடுத்து யார் வருவது என்று சங்கம் தீர்மானிக்கும். தோழியின் பண்ணை அந்த நிலத்தில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் அவளும் மற்றவர்கள்போல விண்ணப்பிக்க வேண்டும். கறவைப் பள்ளத்தில் அவள் சொன்னதன் முழுக் கனமும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தாத்தா எதற்காகப் போராடினாரோ அதன் விளைவாகவே பேத்திக்கு அந்த நிலம் தானாக வராது. தாத்தாவிடம் இதைக் கேட்டேன். "வரக் கூடாது. வேலை செய்கிறவளுக்கு வரட்டும்" என்றார். அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

மே மாதம் புல்வெளி மாறிவிட்டது. இறகுப்புல் வெள்ளி நூல்போல நீண்டு காற்றில் அலையலையாகச் சாய்ந்தது. கற்களுக்கு இடையே தரை ஒட்டிய சிறு ஆர்க்கிட் பூக்கள். ஆடுகள் வெளியே மேயப் போனதால் எங்களுக்கும் பகல் நீண்டது. ஜோந்த் பள்ளத்தாக்குக்குப் போனோம். தார்னும் ஜோந்தும் கூடும் லெ ரொஸியே ஊரில் தொடங்கி, செங்குத்துப் பாறைகளின் விளிம்பை ஒட்டிப் போகும் பாதை. மேலே போனதும் தோழி உட்காரச் சொன்னாள். சற்று நேரத்தில் பாறைக்குக் கீழிருந்து பாறு கழுகுகள் எழும்பி வந்தன. சிறகை ஒருமுறைகூட அடிக்காமல், சூடான காற்றில் சுழன்று, எங்கள் முகத்துக்கு நேரே கடந்தன. விரித்த சிறகு இரண்டரை மீட்டருக்கு மேல். இறகுகளின் நுனி காற்றில் அதிரும் சத்தம் கேட்டது. ஒன்று தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

1940களில் இந்தப் பள்ளத்தாக்கில் கழுகே இல்லாமல் போயிருந்தது. சுட்டும் நஞ்சு வைத்தும் அழித்துவிட்டார்கள். பிறகு கூண்டில் வளர்த்து, 1981இலிருந்து மெல்ல மெல்லத் திறந்துவிட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான இணைகள் இங்கே கூடுகட்டுகின்றன. இந்தியாவில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பாறுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததையும், தமிழ்நாட்டில் மோயாற்றுப் பக்கம் மிஞ்சியிருக்கும் சிலவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். திரும்பும் வழியில் தங்கள் பண்ணையின் ஓரத்தில் வேலியிட்ட ஒரு கல்மேடையைக் காட்டினாள். செத்த ஆட்டை அனுமதியோடு அங்கே போடுவார்கள். கழுகுகள் வந்து முடித்துவிடும். வண்டியில் ஏற்றி எரிப்பதற்கு அனுப்ப வேண்டியதில்லை. உயிருள்ள ஆட்டையும் கழுகு தாக்குகிறது என்று குறைசொல்லும் பண்ணைக்காரர்களும் உண்டு. அவளுடைய அப்பாவுக்கு அந்த எண்ணம் இல்லை. "இவை வந்த பிறகு என் வேலை குறைந்தது" என்றார்.

ஜூலையில் கறவை நின்றது. நான் கிளம்ப வேண்டிய வாரமும் அதுதான். வெள்ளிக்கிழமை மியோ சந்தையில் கீரை அரைத்துத் தட்டிப் பொரித்த ஃபார்ஸுவும், ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும் ஃப்லோனும் வாங்கிக்கொண்டு கல்திட்டை ஒன்றைத் தேடிப் போனோம். பிரான்சிலேயே கல்திட்டைகள் மிகுந்த மாவட்டம் அவேரோன். சாய்ந்த மூடுகல்லின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு மாலைக் கறவை இல்லை. வீடு திரும்ப நேரம் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தது டிசம்பருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேளாண்மைப் பள்ளிக்கு மனுப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம் சொல்கிறேன் என்றாள்.

இப்போது அவள் அங்கே படிக்கிறாள். வார இறுதியில் பண்ணைக்கு வந்து மாலைக் கறவையை அவளே பார்த்துக்கொள்கிறாள். அப்பா ஓய்வுபெற இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. சங்கம் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. போன மாதம் எழுதியிருந்தாள்: ஆகஸ்டில் வா, ஆடுகள் வற்றியிருக்கும், இந்தத் தடவை எய்குவால் மலை வரை நடந்து போய் இரவு அங்கேயே தங்கலாம். விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.